நீலகிரிச் சபைகளில் கீபோர்டு வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத்துச் சபைகளில் புதிதாகக் கீபோர்டு வாசிக்க வருகிற தம்பி தங்கைகள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, எந்த மாடல் வாங்கலாம்?" யமஹாவா, ரோலண்டா என்று பேச ஆரம்பித்தால் பொழுது போவதே தெரியாது. ஆனால் மலையில் அது மூன்றாவது கேள்வி. வாங்கியதை எங்கே வைப்பீர்கள் என்பது முதல் கேள்வி. எந்தக் கரண்டில் ஓட்டுவீர்கள் என்பது இரண்டாவது. கீழே கோயம்புத்தூரில் பல வருஷம் உழைக்கிற அதே கீபோர்டு, இங்கே கவனிப்பில்லாமல் கிடந்தால் சில மழைக்காலங்களிலேயே பாதி கீகள் ஊமையாகிவிடும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். சிந்தசைசர், மைக், இண்டர்ஃபேஸ் என்று ஆசைப்பட ஏராளம் இருக்கிறது. எதை வாங்கும் முன்னும், இதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை சபையார் இன்னும் நன்றாகப் பாடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஆமென்றால் கடன் வாங்கியாவது வாங்கலாம். இல்லையென்றால் அது காத்திருக்கட்டும். கீழே நான் சொல்லும் வரிசை முழுவதும் இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

முதலில் ஈரம்

கீபோர்டுக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் ஜாக்கிரதை தானாக வரும். ஒவ்வொரு கீக்கும் அடியில் ரப்பர் பட்டையில் இரண்டு சின்னக் குமிழ்கள் இருக்கும். குமிழின் உட்பக்கத்தில் கறுப்பாக ஒரு கார்பன் பொட்டு. கீயை அழுத்தும்போது முதல் பொட்டு அடியிலுள்ள சர்க்யூட் போர்டைத் தொடும். கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவான இடைவெளியில் இரண்டாவது தொடும். அந்த இடைவெளியைத்தான் கீபோர்டு அளக்கிறது. இடைவெளி குறைவாக இருந்தால் ஓங்கி அடித்திருக்கிறீர்கள் என்று சத்தத்தைக் கூட்டும், அதிகமாக இருந்தால் மெல்ல ஒலிக்கும். நம் விரலின் மென்மையும் அழுத்தமும் அந்தக் கறுப்புப் பொட்டு வழியாகத்தான் வெளியே வருகின்றன. அதில் ஈரமும் தூசியும் சேர்ந்து படிந்தால் கணக்கு கெட்டுவிடும். மெல்லத் தொட்டாலும் ஒரு கீ மட்டும் கத்தும், இல்லையென்றால் சத்தமே வராது. நற்கருணை வேளையில் மெதுவாக வாசிக்கும்போது ஒரே ஒரு சுரம் அலறினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எந்தப் பக்கம் இருக்கிறீர்களோ அந்தப் பக்கத்து மழையைப் பாருங்கள். கூடலூர், பந்தலூர் வட்டாரத்துக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழைதான் பெரிய மழை. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபரில் தொடங்குகிற வடகிழக்குப் பருவமழை. அதாவது கேரல் ரவுண்ட்ஸுக்கும் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்கும் கீபோர்டு அதிகம் வெளியே போகிற அதே மாதங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கீபோர்டை வெளிச்சுவர் ஓரமாகச் சாய்த்து வைக்காதீர்கள். பழைய கல் கட்டடங்களில் அந்தச் சுவர் மழைக்காலம் முழுக்க வியர்த்துக்கொண்டே இருக்கும். ஆராதனை முடிந்ததும் சர்ச்சின் பின்னறை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு அடுத்த வாரம் வரை மறந்துவிடுவது பல இடங்களில் வழக்கம். முடிந்தால் யாராவது ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போவது நல்லது. அடுப்பெரிகிற, ஆள் நடமாட்டமுள்ள வீடு பெரும்பாலும் ஆலயத்தைவிட உலர்ந்துதான் இருக்கும். அதற்காகச் சமையலறைப் பக்கமே வைக்க வேண்டாம், எண்ணெய்ப் புகையும் அந்தப் பொட்டுக்கு ஆகாது. தினமும் அரை மணி நேரம் ஆன் செய்து வாசியுங்கள். உள்ளே உண்டாகும் லேசான சூடு ஈரத்தை விரட்டும், உங்கள் விரலுக்கும் பயிற்சி ஆகும்.

மூடி வைக்கப் பருத்தித் துணி போதும். பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கிச் சுற்றினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போடுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால், ஆரஞ்சு மணிகள் பச்சையானால் ஈரம் குடித்து முடித்துவிட்டன என்று அர்த்தம். மிதமான சூட்டில் காய வைத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். சமையல் பாத்திரத்தில் மட்டும் வறுக்காதீர்கள், அந்த நீல நிறம் தருகிற கோபால்ட் உப்பு உடம்புக்கு ஆகாது. இதற்கென்று ஒரு பழைய தகரத் தட்டை ஒதுக்கிவிடுங்கள். அரிசி மூட்டை கட்டிப் போடுவதும் வேண்டாம். ஈரம் இழுப்பதைவிட மாவும் பூச்சியும் உள்ளே போவதுதான் அதிகம்.

குளிர்காலத்துக்குத் தனியாக ஒரு பழக்கம் வேண்டும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஜீப்பின் பின்னால் குளிர்ந்து கிடந்த கீபோர்டை, ஆள் நிறைந்த ஹாலுக்குள் கொண்டுவந்த உடனே ஆன் செய்யாதீர்கள். குளிரிலிருந்து உள்ளே நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி மூடிக்கொள்வது போலத்தான் இதுவும். ஜனங்களின் மூச்சுக்காற்றிலுள்ள ஈரம் அந்தக் குளிர்ந்த போர்டின்மேல் பனித்துளியாகப் படியும். ஜிப்பைத் திறக்காமல் பைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பை மெல்ல அறையின் சூட்டுக்கு வரட்டும், பிறகு வெளியே எடுங்கள்.

அடுத்தது கரண்ட்

காற்றடித்தால் சில்வர் ஓக் மரம் லைன் மேல் விழும், கரண்ட் போகும். போனது பிரச்சினை இல்லை. திரும்பி வரும் அந்த நொடியில்தான் வோல்டேஜ் எகிறிக் குதிக்கும். கரண்ட் போனதும் அடாப்டரைப் பிளக்கிலிருந்து உருவுங்கள். வந்து, விளக்குகள் சில நிமிஷம் நிதானமாக எரிந்த பிறகு மாட்டுங்கள். கிறிஸ்துமஸ் ராத்திரி ஜெனரேட்டருக்கு மாற்றும்போதும் இதே முறைதான்.

அடாப்டரின் முதுகில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால் அது ஏற்ற இறக்கத்தை ஓரளவு தாங்கும். 230 வோல்ட் என்று மட்டும் போட்ட, கையில் எடுத்தால் கனமாக இருக்கிற பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் தாங்காது. அடாப்டர் தொலைந்துபோனால் பஜாரில் கிடைத்த ஒன்றைச் செருகிப் பார்க்கிற வேலையே வேண்டாம். வோல்ட் ஒன்றாக இருந்தாலும் பின்னின் நடுப்பகுதி பாசிட்டிவா நெகட்டிவா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய கேசியோ பலவற்றில் 9 வோல்ட், நடுவில் நெகட்டிவ். யமஹாவின் சிறிய கீபோர்டுகளில் 12 வோல்ட், நடுவில் பாசிட்டிவ். ஜாக்கின் பக்கத்திலும் அடாப்டரிலும் வட்டமும் புள்ளியுமாக ஒரு சின்னப் படம் இருக்கும். இரண்டு படமும் ஒத்துப்போக வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்ன யூ.பி.எஸ். ஒன்று கீபோர்டுக்கும் தாராளமாகப் போதும். பாட்டின் நடுவில் கரண்ட் போனாலும் அந்தப் பாட்டை முடித்துவிடலாம். வீட்டு இன்வெர்ட்டர் சைன் வேவ் ரகமாக இருப்பது நல்லது, ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆம்ப்ளிஃபையர் இரையும்.

எர்த் விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது. மைக் உதட்டில் பட்டால் சுருக்கென்கிறதா, மிக்சரின் தகரத்தைத் தொட்டால் விரல் சிலிர்க்கிறதா, அங்கேயே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இரைச்சல் போகிறது என்று மூன்றாவது பின்னை வெட்டிவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. ஈரத் தரையில் செருப்பில்லாமல் பாடும் பிள்ளைகள் நிற்கிற மேடையில் அது உயிருக்கு ஆபத்து.

எந்தக் கீபோர்டு

இப்போது மாடலுக்கு வரலாம். கடையில் மூன்று வகை பார்ப்பீர்கள். அரேஞ்சர் வகையில் இடது கையால் கார்டு (ஒன்றாக ஒலிக்கிற மூன்று நான்கு சுரங்கள்) பிடித்தால் தபேலா, டிரம்ஸ், பேஸ் எல்லாம் சேர்ந்து தானாக ஓடும், இதைத்தான் ஸ்டைல் என்பார்கள். யமஹா பி.எஸ்.ஆர். வரிசை இந்த வகை. அதில் ஐ500 போல இந்தியத் தாளங்களுக்கென்றே வந்தவையும் உண்டு. சிந்தசைசர் வகையில் ஸ்டைல் ஓடாது. ஆனால் டோன் செழிப்பாக இருக்கும், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம், பிரித்து வைக்கலாம். தமிழ்நாட்டுச் சபைகளில் ரோலண்ட் எக்ஸ்.பி.எஸ்.10 பலர் கையில் இருப்பது இதனால்தான். மூன்றாவது டிஜிட்டல் பியானோ. 88 கீ, நிஜப் பியானோ போன்ற கனம்.

உங்கள் சபையில் என்ன பாடுகிறார்கள் என்பதுதான் முடிவு செய்யும். பாமாலைப் பாட்டுகளை நான்கு குரலில் பாடுகிற பாடகர் குழு என்றால் உங்களுக்கு வேண்டியது நல்ல பியானோ, நல்ல ஆர்கன், ஒரு ஸ்டிரிங்ஸ், அவ்வளவே. கீர்த்தனை அதிகம், தபேலா வாசிக்க ஆளில்லை என்றால் அரேஞ்சர். டிரம்மரும் பேஸ் கிட்டாரும் ஏற்கெனவே இருக்கிற இளைஞர் குழு என்றால் சிந்தசைசர். தொடக்கத்துக்கு, தொடு உணர்வுள்ள 61 கீ போதும். தொடு உணர்வில்லாத விலை குறைந்த மாடலை மட்டும் வாங்க வேண்டாம். அதில் பழகிய விரல் மெல்ல வாசிக்கவே கற்றுக்கொள்வதில்லை.

கனத்தையும் யோசியுங்கள். யமஹா பி45 பியானோ 11.5 கிலோ. சமவெளியில் அது ஒன்றுமில்லை. ரோட்டில் இறங்கி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே படியேறி, எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போகிற கேரல் ரவுண்ட்ஸில் அதைத் தோளில் சுமந்து பாருங்கள், தெரியும். ரோலண்ட் ஜூனோ டி.எஸ்.61 அதில் பாதிக்கும் குறைவு, எட்டு ஏஏ பேட்டரியிலும் ஓடும். யமஹா, கேசியோவின் சிறிய மாடல்கள் பலவும் பேட்டரியில் ஓடும். குளிரில் சாதாரண ஆல்கலைன் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும். சார்ஜ் செய்கிற நிக்கல் ரகம் நின்று உழைக்கும்.

பழையது வாங்குவதில் தப்பே இல்லை, பார்த்து வாங்க வேண்டும். வால்யூமைக் கூட்டிவிட்டு, இடது கோடியிலிருந்து ஒவ்வொரு கீயாக, முடிந்த அளவு மெல்ல, ஒரே அழுத்தத்தில் தொட்டுக்கொண்டே வாருங்கள். கறுப்பு வெள்ளை எதையும் விடாதீர்கள். ஏதாவது ஒன்று துள்ளிக் கத்தினால் மேலே சொன்ன கார்பன் பொட்டில் கோளாறு. சுத்தம் செய்தால் சரியாகலாம், ஆனால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பிறகு பேட்டரி மூடியைத் திறந்து, உள்ளே பச்சையாகவோ வெள்ளையாகவோ பொரிந்திருக்கிறதா என்று பாருங்கள். வாசித்துக்கொண்டே அடாப்டர் வயரையும் அவுட் ஜாக்கையும் லேசாக ஆட்டுங்கள், சத்தம் விட்டுவிட்டு வரக்கூடாது. மூக்கை ஸ்பீக்கர் ஓட்டையருகே வையுங்கள். பூஞ்சணம் வாடை வந்தால் அது மழையில் நனைந்த கீபோர்டு, என்ன விலை சொன்னாலும் வேண்டாம்.

சுரத்தை நீட்டுகிற சஸ்டெயின் பெடல் தலைகீழாக வேலை செய்கிறது என்று பயப்படுவார்கள் பலர். மிதித்தால் சுரம் நிற்கும், விட்டால் இழுக்கும். கெட்டுப்போனது அல்ல. கீபோர்டை ஆஃப் செய்து, பெடலில் கால் வைக்காமல் செருகி, பிறகு ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

மிக்சரில் இணைப்பது

கீபோர்டிலிருந்து மிக்சருக்குப் போவது பெரிய பின், சவுண்ட் சர்வீஸ்காரர்கள் பி38 என்று சொல்வது. ஒரே வயர்தான் இருக்கிறது என்றால் இடது பக்க ஜாக்கில், மோனோ என்று எழுதியிருப்பதில் செருகுங்கள். மிக்சரில் லைன் இன்புட்டில் போடுங்கள், மைக் இன்புட்டில் அல்ல. கீபோர்டின் வால்யூமை முக்கால் பங்கில் நிறுத்திவிட்டு, நீங்கள் வாசிக்கிற மிகப் பலமான கார்டை அடித்து, மிக்சரில் சிவப்பு விளக்கு எரியாதபடி கெயினை (உள்ளே வருகிற சத்தத்தின் அளவை) வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஆராதனை முடியும்வரை கீபோர்டு வால்யூமைத் தொடாதிருப்பது சவுண்ட் பார்க்கும் சகோதரருக்கு நீங்கள் செய்கிற பெரிய உதவி.

சின்னக் கீபோர்டுகளில் ஹெட்போன் ஜாக் மட்டுமே இருக்கும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு முனையிலும் பின்னில் இரண்டு வளையக் கோடுள்ள ஸ்டீரியோ வயரை எடுத்து ஹெட்போன் ஜாக்கிலிருந்து மிக்சரின் ஒற்றை இன்புட்டில் நேராகச் செருகினால், மிக்சர் அதை பேலன்ஸ்டு லைன் (ஒரே சத்தம் இரண்டு கம்பியில் நேராகவும் தலைகீழாகவும் வருவது) என்று எடுத்துக்கொள்ளும். இடது பக்கச் சத்தத்திலிருந்து வலது பக்கச் சத்தத்தைக் கழித்துவிடும். இரண்டிலும் சமமாக இருக்கிற பேஸும் பியானோவின் உடம்பும் காணாமல் போய், ரிவெர்ப்பின் (கீபோர்டு சேர்க்கிற எதிரொலியின்) சலசலப்பு மட்டும் ஸ்பீக்கரில் கேட்கும். கீபோர்டு கெட்டுவிட்டது என்று கோயம்புத்தூர் வரை தூக்கிக்கொண்டு போவதற்கு முன் இந்த வயரை மாற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் ஸ்டீரியோ, மறுபக்கம் இரண்டு மோனோ பின்னாகப் பிரிகிற வயர் வேண்டும்.

மிக்சர் தூரத்தில் இருந்தால், ஆறேழு மீட்டருக்கு மேல் என்றால், டி.ஐ. பாக்ஸ் (கீபோர்டுச் சத்தத்தைப் பேலன்ஸ்டு லைனாக மாற்றுகிற சின்னப் பெட்டி) ஒன்று வாங்கி, மைக்குக்குப் போடுகிற மூன்று பின் எக்ஸ்.எல்.ஆர். வயரில் அனுப்புங்கள். இரைச்சல் பெருமளவு அடங்கும்.

எதிரொலியும் சுருதியும்

ஊட்டியில் 1830-இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித ஸ்தேவான் ஆலயத்துக்குள் ஒருமுறை நின்று கைதட்டிப் பாருங்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் மாளிகையிலிருந்து கொண்டுவந்த உத்திரங்கள் தாங்குகிற கூரை அது. அந்தக் காலத்து ஆலயங்கள் மைக் இல்லாமல் குரல் நிறைவதற்காகக் கட்டப்பட்டவை. அப்படிப்பட்ட இடத்தில் கீபோர்டின் ரிவெர்ப்பையும் கூட்டி வைத்தால் எல்லாச் சுரமும் ஒன்றோடொன்று கலங்கிவிடும். உயரமான கூரையுள்ள பழைய ஆலயம் என்றால் கீபோர்டின் ரிவெர்ப்பை அணைத்துவிடுங்கள். கட்டடமே தரும். தகர ஷீட் போட்ட, தாழ்ந்த கூரை ஜெபவீட்டில் கொஞ்சம் சேர்க்கலாம்.

சனிக்கிழமை பயிற்சியில் காதால் கேட்டு வைத்ததை அப்படியே ஞாயிறுக்கு நம்பாதீர்கள். காலியான ஆலயம் முழங்கும். மறுநாள் ஸ்வெட்டரும் சால்வையும் குல்லாவுமாக ஜனங்கள் நிறைந்ததும் அந்தக் கம்பளி அத்தனையும் சத்தத்தைக் குடித்துவிடும். கூர்மையான ஒலிகள்தான் முதலில் மங்கும். சனிக்கிழமை கொஞ்சம் கூர்மையாகத் தெரிகிற பியானோ டோன் ஞாயிற்றுக்கிழமை சரியாக இருக்கும்.

சபை இழுக்கிறது என்று எல்லோரும் குறைப்படுகிறோம். அதில் பாதி ஜனங்களின் குற்றம் அல்ல. சத்தம் ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர்தான் போகும். கடைசி வரிசை உங்கள் ஸ்பீக்கரிலிருந்து 17 மீட்டர் தள்ளி இருந்தால் நீங்கள் வாசித்தது அவர்களை எட்டவே நொடியில் இருபதில் ஒரு பங்கு ஆகிறது. அவர்கள் பாடியது உங்களிடம் திரும்பிவர இன்னும் அவ்வளவு. நீங்கள் அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்து வாசித்தால் அவர்கள் இன்னும் காத்திருப்பார்கள், பாட்டு அடிக்கு அடி தேய்ந்துகொண்டே போகும். முன்வரிசையின் உதட்டைப் பார்த்து வாசியுங்கள். பின்னாலிருந்து வருவதைக் காது கேட்கட்டும், கை பின்தொடர வேண்டாம்.

ஆனால் மூச்சுக்கு இடம் கொடுங்கள். பாமாலையில் ஒவ்வொரு அடியின் முடிவிலும் சபை மூச்செடுக்கும். ஆட்டோ ரிதம் அதற்காக நிற்காது. அதனால்தான் புதியவர்களுக்கு நான் சொல்வது, முதல் ஆறு மாதம் ஸ்டைல் பட்டனைத் தொடாமல் வெறும் பியானோவில் வாசியுங்கள். சபையின் மூச்சு எங்கே வருகிறது என்று உங்கள் கைக்குப் பழகட்டும். பிறகு ரிதம் போட்டால் எந்தப் பாட்டுக்குப் போடலாம், எதற்குக் கூடாது என்று நீங்களே சொல்வீர்கள்.

சுருதி இன்னொரு பெரிய விஷயம். புத்தகத்திலோ யூடியூபிலோ இருக்கிற சுருதி நம் சபைக்கு வராது. தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கிற ஜனவரிக் காலையில், முதல் ஆராதனைக்கு வருகிற பெரியவர்களின் தொண்டை அப்போதுதான் திறக்கிறது. ஐந்து கட்டை (ஜி) பாட்டை நான்கு கட்டைக்கு (எஃப்) இறக்குங்கள். இரண்டாவது ஆராதனையில் அரைக் கட்டை ஏற்றிக்கொள்ளலாம். டிரான்ஸ்போஸ் பட்டன் இதற்குத்தான் இருக்கிறது, அதைப் பயன்படுத்துவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. ஒன்றே ஒன்று, பாட்டு முடிந்ததும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவரும் பழக்கத்தைக் கையில் ஏற்றிவிடுங்கள். கிட்டார்காரர் ஒரு சுருதியில், நீங்கள் வேறு சுருதியில் அடுத்த பாட்டை ஆரம்பிக்கிற ஆபத்து அதனால் தீரும்.

பேஸ் கிட்டார் இருக்கிற நாளில் உங்கள் இடது கை கீழே போகவேண்டாம். நடுப்பகுதியில் கார்டு மட்டும் போதும். பேட் டோன் (ஸ்டிரிங்ஸ் போல நீண்டு பரவுகிற ஒலி) போட்டால் ஜெப நேரத்தில் குறைவாக, ஆயரின் குரல் எந்த உயரத்தில் பேசுகிறதோ அந்தப் பகுதியை விட்டு விலகி வாசியுங்கள். பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும், அதுதான் முக்கியம்.

வீட்டில் ஒலிப்பதிவு

ஞாயிறு வாசிப்பு கொஞ்சம் நிலைக்கு வந்த பிறகு இதற்கு வாருங்கள். நம் மலை வீடுகளுக்கு ஒரு வரம் உண்டு. ஃபேன் சத்தம் இல்லை, ஏ.சி. சத்தம் இல்லை. சென்னையில் ஒலிப்பதிவு செய்கிறவர்கள் வியர்த்துக்கொண்டே ஃபேனை நிறுத்துவார்கள், நமக்கு அந்தத் தொல்லை கிடையாது. நமக்கு எதிரி தகரக் கூரையில் மழை, நாய், பக்கத்து லைன் வீட்டு டி.வி. ராத்திரி பத்து மணிக்கு மேல் மழை விட்டிருந்தால் அதுதான் உங்கள் ஸ்டுடியோ நேரம்.

வாங்கும் வரிசை: நல்ல மூடிய வகை ஹெட்போன் முதலில். அடுத்து இரண்டு இன்புட் உள்ள யூ.எஸ்.பி. ஆடியோ இண்டர்ஃபேஸ், அதாவது மைக், கீபோர்டுச் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகிற பெட்டி. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 போன்ற ஒன்று பல வருஷத்துக்குப் போதும். பிறகு மைக். ஸ்டுடியோ என்றால் கண்டென்சர் மைக்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். மலையில் என் யோசனை வேறு. ஷ்யூர் எஸ்.எம்.58 போன்ற டைனமிக் மைக்கை முதலில் வாங்குங்கள். கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபேண்டம் பவர் (மைக் வயர் வழியாகவே போகிற கரண்ட்) வேண்டும், அதன் மெல்லிய சவ்வில் ஈரம் ஏறினால் படபடவென்று பொரியும், பக்கத்து அறைச் சத்தத்தையும் இழுத்துக்கொண்டு வரும். டைனமிக் மைக்கை சர்ச்சிலும் பயன்படுத்தலாம், அதுவே எனக்குப் பெரிய காரணம்.

சாஃப்ட்வேருக்குப் பணம் செலவழிக்க அவசரமில்லை. ரீப்பர் என்கிற ஒலிப்பதிவு சாஃப்ட்வேரை 60 நாள் முழுமையாகச் சோதித்துப் பார்க்கலாம், பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். ஆப்பிள் சாதனம் வைத்திருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். குரல் மட்டும் பதிய ஆடாசிட்டி போதும்.

கீபோர்டை இரண்டு விதமாகப் பதியலாம். ஆடியோ வயரில் வருவது சத்தம். யூ.எஸ்.பி. வயரில் பெரும்பாலான கீபோர்டுகளிலிருந்து வருவது மிடி. எந்தக் கீ, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்ற குறிப்புதான் அதில் இருக்கும், சத்தம் இருக்காது. 1983-இல் வந்த இந்த முறையின் அடிப்படை இன்றும் மாறாமல் இருக்கிறது. அன்றைய சிந்தசைசரும் இன்றைய லேப்டாப்பும் பேசிக்கொள்ளும். இரண்டையும் ஒரே நேரத்தில் பதிந்துவிடுங்கள். ஒரு சுரம் தவறினால் மிடியில் திருத்தலாம், பியானோவை ஆர்கனாக மாற்றலாம், சுருதியையே மாற்றலாம். இண்டர்ஃபேஸில் கீபோர்டு இருக்கிற சேனலில் இன்ஸ்ட் என்ற பட்டன் அணைந்திருக்கட்டும், அது கிட்டாருக்கு.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் கீயைத் தொட்டதும் சத்தம் தாமதமாக வருகிறது என்று எல்லோரும் தவிப்பார்கள். இண்டர்ஃபேஸ் கம்பெனியின் ஆசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கிற சாஃப்ட்வேர்) போட்டு, பஃபர் அளவை, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்புகிற ஒலித் துண்டை, 128-க்கு இறக்குங்கள். 48,000 ஹெர்ட்ஸில் அது ஒரு வழிக்கு மூன்று மில்லி செகண்டுக்கும் குறைவு. 512-இல் விட்டால் பதினொரு மில்லி செகண்ட் வரை போகும், ஸ்பீக்கரிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசிப்பதற்குச் சமம். பதிந்து முடித்து மிக்சிங் செய்யும்போது பழையபடி கூட்டிக்கொள்ளலாம்.

24 பிட்டில் பதியுங்கள். மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நின்றால் போதும். சிவப்பைத் தொட்டுவிட்டால் பின்னால் எந்த சாஃப்ட்வேரும் முழுதாகச் சரிசெய்யாது. பாடுகிறவர் மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கட்டும். கனமான கம்பளிகளையும் ரஜாயையும் மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுகிறார்கள், தொங்கவிட வேண்டியது பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால். மைக் பார்த்துக்கொண்டிருப்பது அந்தச் சுவரைத்தான், அங்கிருந்து திரும்பி வருகிற சத்தம்தான் பதிவில் ஏறும். அறையின் மூலையில் நிற்கவைக்காதீர்கள், பேஸ் வீங்கும்.

பாடகர் குழு முழுவதையும் பதிய வீடு போதாது, ஆலயத்துக்கே போய்விடுங்கள். ஒரே மாதிரி கார்டியாய்டு மைக் (முன்பக்கச் சத்தத்தை அதிகம் பிடிப்பது) இரண்டு, முனைகள் 17 சென்டிமீட்டர் இடைவெளியில், 110 டிகிரி விரிந்து, தலைக்கு மேல் உயரத்தில் ஒரே ஸ்டாண்டில். குழுவிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதற்குக் கணக்கு வேண்டாம். ஒருவர் பாடச் சொல்லி, நீங்கள் கண்ணை மூடி முன்னும் பின்னும் நடந்து, குரலும் எதிரொலியும் சமமாகக் கேட்கிற இடத்தில் ஸ்டாண்டை நிறுத்துங்கள். இதற்கு மட்டும் கண்டென்சர் மைக் நல்லது, மழையில்லாத நாளாக இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

மைனஸ் ட்ராக்

எஸ்டேட் பக்கம் கீபோர்டு வாசிக்க ஆளே இல்லாத சின்னச் சபைகள் நிறைய. உங்கள் வீட்டு ஒலிப்பதிவின் மிகப் பெரிய பயன் அவர்களுக்கு மைனஸ் ட்ராக் (பாடுகிற குரல் இல்லாமல் இசை மட்டுமுள்ள பதிவு) செய்துகொடுப்பதுதான் என்பது என் உறுதியான எண்ணம். மேடைக்குச் செய்வது போல அலங்காரம் வேண்டாம். மெலடியைப் பியானோவில் தெளிவாக வாசித்துவிடுங்கள். வழிநடத்த ஆளில்லாத சபைக்கு வெறும் கார்டு போதாது. அடி முடிவில் மூச்சுக்கு இடம் விடுங்கள். இண்ட்ரோவாகப் பாட்டின் கடைசி அடியையே வாசியுங்கள், எங்கே ஆரம்பிப்பது என்று அவர்களுக்குத் தானாகத் தெரியும். எத்தனை சரணம் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இணையத்தில் ஏற்றுவதானால் உரிமையைப் பாருங்கள். இந்தியச் சட்டப்படி பாட்டும் இசையும் எழுதியவர் காலமாகி 60 ஆண்டுவரை பதிப்புரிமையில் இருக்கும். ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. பழைய பாமாலைப் பாட்டுகள் பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டியவை. புதிய ஆராதனைப் பாட்டு என்றால் எழுதியவரிடம் கேளுங்கள், கேட்டால் பலர் சந்தோஷமாகத் தருவார்கள்.

ஒவ்வொரு பாட்டையும் இரண்டு சுருதியில் ஏற்றுமதி செய்யுங்கள், சாதாரணமாக ஒன்று, ஒரு கட்டை குறைத்து ஒன்று. மிடியாக வைத்திருந்தால் அது ஐந்து நிமிஷ வேலை. பைலின் பெயரிலேயே பாட்டின் முதல் அடி, கட்டை, சரணங்களின் எண்ணிக்கை மூன்றையும் எழுதிவிடுங்கள். நெட்வொர்க் எடுக்காத எஸ்டேட்களுக்கு வாட்ஸ்அப்பை நம்பாமல் பென் டிரைவில் போட்டு, போகிற ஜீப்பில் கொடுத்தனுப்புங்கள். கீபோர்டில் நீங்கள் சேமித்து வைத்த டோன் செட்டிங்குகளையும் அதே பென் டிரைவில் ஒரு நகல், வீட்டில் இன்னொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கூடலூர் பக்கம் என்றால் மே மாதத்திலும், குன்னூர், கோத்தகிரி என்றால் செப்டம்பரிலும் கீபோர்டைச் சர்வீஸுக்குக் கீழே அனுப்பிவிடுங்கள். மழை இறங்கி மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டால் கிறிஸ்துமஸுக்குள் அது திரும்பி வந்து சேராது.